நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு யார் கணக்குச் சொல்வது?

மாதவிடாய் நின்ற பெண்கள் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்துகளின் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சிடப்பட்டுவந்த கட்டமிட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்க உணவு - மருந்து நிர்வாகம் 2025 நவம்பர் 10-ஆம் தேதி அறிவித்தது. இதயநோய், மார்பகப் புற்றுநோய், முதுமை மறதி ஆகியவை குறித்த வாசகங்கள் நீக்கப்படும். கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக உட்கொண்டால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் உண்டாகலாம் என்ற எச்சரிக்கை தொடரும்.

அமெரிக்காவில் ஒரு மருந்துப் பெட்டியின் வாசகம் மாறுவதால் ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த எச்சரிக்கை பிறக்கக் காரணமாக இருந்த 2002-ஆம் ஆண்டு அச்சம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. பல நாடுகளில் மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டது. 'ஹார்மோன் என்றால் புற்றுநோய்' என்ற ஒற்றை வரியோடு பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது அந்தக் கட்டு அவிழும்போது 'ஹார்மோன் என்றால் இளமை' என்ற எதிர்வரியும் அதே வேகத்தில் வந்துசேரும். இவ்விரு வரிகளுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் மருத்துவர் அல்லள். திருச்சிராப்பள்ளியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். அந்தக் கணக்கைப் பற்றியும், அதைப் பெண்களுக்கு எடுத்துச்சொல்ல ஆள் இல்லாத நிலையைப் பற்றியுமே இங்கு பேச விரும்புகிறேன்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. மேலை நாடுகளில் இதன் சராசரி வயது ஏறத்தாழ 51. இந்தியப் பெண்களுக்கோ 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. திடீரென முகத்திலும் மார்பிலும் பரவும் வெப்பம், இரவு வியர்வை, தூக்கமின்மை, மூட்டுவலி, எரிச்சல், மனச்சோர்வு, பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று எனத் தொல்லைகள் பலவகை. நம் வீடுகளில் இவை அனைத்தும் 'உடம்புச் சூடு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் ஆகியவையே நாம் அறிந்த மருந்துகள். அதற்கும் அடங்காவிட்டால் கிடைக்கும் அறிவுரை, 'கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்' என்பது. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு, உடல்வெப்பத் தொல்லை நீடிக்கும் இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள் என்று 2015-இல் கண்டறிந்தது. நாம் சொல்லும் 'கொஞ்ச நாள்' என்பதன் நீளம் இது.

எனக்கு அந்தக் காலம் வந்தபோது தமிழ்நாட்டில் மின்வெட்டும் சேர்ந்தே வந்தது. மின்விசிறி நின்ற வகுப்பறையில் தேவை நெகிழ்ச்சியை விளக்கிக்கொண்டிருக்கும்போதே உச்சந்தலையிலிருந்து வியர்வை வழியும். மருத்துவரிடம் கேட்டபோது, "எல்லாருக்கும் வர்றதுதானேம்மா" என்ற பதிலோடு கால்சியம் மாத்திரை கிடைத்தது. ஹார்மோன் என்ற சொல்லே அந்த அறையில் உச்சரிக்கப்படவில்லை. என் வயதுடைய தோழியர் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் வேறுபாடின்றி ஏறக்குறைய எல்லாரும் இதே பதிலோடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

<b>2002-இல் நடந்தது என்ன?</b>

'பெண்கள் நல முன்முயற்சி' என்ற பெயரில் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஆய்வு அது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையின் விளைவை அறிய 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டனர். எட்டரை ஆண்டுகள் நடப்பதாகத் திட்டமிடப்பட்ட அந்த ஆய்வு, சராசரியாக ஐந்து ஆண்டுகளைக் கடந்த நிலையில், 2002 ஜூலையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று நாளேடுகள் எழுதின. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களில் ஹார்மோன் மாத்திரை எடுத்தோரின் பங்கு 1999-2000-இல் 22 சதவீதமாக இருந்தது. பத்தாண்டுகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

26 சதவீதம் என்றதும் நூற்றில் 26 பெண்களுக்குப் புற்றுநோய் என்றே பலரும் புரிந்துகொண்டனர். பொருளியல் முதலாண்டு மாணவியரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, 'சதவீதம் சரி, எதன் மீது?' என்பது. நூறு ரூபாய் 26 சதவீதம் உயர்வதும், ஒரு லட்சம் ரூபாய் 26 சதவீதம் உயர்வதும் ஒன்றாகா. அந்த ஆய்வில் வெறும் மாத்திரை பெற்ற 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் பெற்ற 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. கூடுதல் எட்டுப் பேர். அதே அளவில் பக்கவாதம் எட்டுப் பேருக்கும், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு எட்டுப் பேருக்கும், மாரடைப்பு உள்ளிட்ட இதயநோய் ஏழு பேருக்கும் கூடுதலாக வந்தன. மறுபக்கத்தில் இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும் குறைந்தன. மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை.

எட்டுப் பேர் என்பதால் அது பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. மாத்திரையைப் பெண்கள் கைவிட்டதையடுத்து 2003-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வீதம் ஏறத்தாழ 7 சதவீதம் சரிந்தது. ஆபத்து மெய்யானதே, அதன் அளவுதான் மிகைப்பட்டது. அத்துடன் இன்னொரு செய்தியும் மறைந்துபோனது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனவர்கள் அவர்களில் மிகுதி. அவர்களிடம் கண்ட விளைவு, 48 வயதில் வியர்த்து விழித்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளப்பட்டது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்து நடந்த இணை ஆய்வு 2004-இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இந்த இரண்டாவது முடிவு முதலாவதைப் போல் ஊர் ஊராகச் செல்லவில்லை.

இன்று மருத்துவச் சங்கங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் நிலை இதுதான்: 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் உள்ள, வேறு தடை இல்லாத பெண்ணுக்குத் தொல்லை மிகுந்திருந்தால் ஹார்மோன் சிகிச்சையின் நன்மை தீமையைவிட மிகுதி. மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் ஆகியவை இருந்தவர்களுக்கு அது பொதுவாக உகந்ததன்று. தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் களிம்பாகவோ எடுத்தால் ரத்த உறைவு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு என்று கவனிப்பாய்வுகள் காட்டுகின்றன. பிறப்புறுப்பில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கிறது. ஆனாலும் அதன் பெட்டியிலும் அதே அச்சமூட்டும் எச்சரிக்கைதான் இத்தனை ஆண்டுகள் இருந்தது. அதை நீக்குவது நியாயமே.

<b>ஊசல் மறுபக்கம் போகிறது</b>

ஆனால், நவம்பர் அறிவிப்பைக் கொண்டாடுவோர் ஒரு வரலாற்றை நினைவில் கொள்ள வேண்டும். 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் பெண் என்றென்றும் பெண்மை குன்றாதிருப்பாள் என்று ஒரு நூல் எழுதினார், விற்பனை எகிறியது. ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்தவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுவதாக 1975-இல் ஆய்வுகள் வந்தன; விற்பனை சரிந்தது. புரோஜெஸ்டின் சேர்த்தால் அந்த ஆபத்து நீங்கும் என்று அறிந்தபின் மீண்டும் ஏறியது. 2002-இல் மீண்டும் வீழ்ந்தது. பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் படித்தவர்களுக்கு இந்த வளைகோடு புதிதன்று. உடல் மாறவில்லை, உடலைப் பற்றிய நம்பிக்கையின் விலைதான் ஏறி இறங்கியிருக்கிறது.

இப்போதைய ஏற்றத்திலும் மிகை தென்படுகிறது. இதயநோயையும் மறதிநோயையும் ஹார்மோன் தடுக்கும் என்ற பேச்சு அமெரிக்க அதிகாரிகளின் வாயிலிருந்தே வருகிறது. ஆனால், நாள்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் எடுக்க வேண்டாம் என்று அந்த நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. அதை மாற்றும் அளவுக்குப் புதிய பெரிய ஆய்வு எதுவும் பின்னர் வந்துவிடவில்லை. தொல்லை உள்ளவருக்கு மருந்து என்பது ஒன்று. எல்லாருக்கும் இளமைக் காப்பு என்பது வேறொன்று.

<b>'இயற்கை' என்ற முத்திரை</b>

நம் ஊரில் ஹார்மோன் பக்கம் போகாதவர்கள் செல்லும் இடம் நாட்டுமருந்துக் கடை. தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, கற்றாழை, வெந்தயம் ஆகியவை மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் எளிதில் கிடைக்கின்றன. அண்மைக்காலமாக இவையே அழகிய புட்டிகளில், பலமடங்கு விலையில், கைப்பேசி விளம்பரங்கள் வழியாக வீட்டு வாசலுக்கு வருகின்றன.

இவற்றை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. ஆனால், 'இயற்கை' என்ற சொல் எதையும் நிரூபிக்காது. உலகின் புகழ்பெற்ற ஹார்மோன் மாத்திரையான 'பிரமரின்' 1942 முதல் கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்தே எடுக்கப்பட்டது. அதன் பெயரே அதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்தான். 2002 ஆய்வில் அச்சமூட்டிய மாத்திரையில் இருந்ததும் இந்த 'இயற்கை' ஈஸ்ட்ரோஜனே. மறுபுறம், மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ள முடியாது. அமுக்கராவை 2023-இல் டென்மார்க் தடைசெய்தது; அது கலந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பல நாடுகளில் நோயாளிக் குறிப்புகள் வெளியாகியுள்ளன.

பயன்படுத்திய பெண்கள் 'கேட்டது' என்று சொல்கிறார்களே என்ற கேள்வி எழும். இதற்கும் கணக்கில் விடை உண்டு. பல ஹார்மோன் ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, வெறும் மாத்திரை பெற்றவர்களைவிட ஹார்மோன் பெற்றவர்களுக்கு உடல்வெப்பம் 75 சதவீதம் குறைந்தது என்று கண்டது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கும் தொடக்க நிலையிலிருந்து 57 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. காலமும் நம்பிக்கையும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆகவே, எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும் பலருக்குக் 'கேட்கும்'. ஒப்பீட்டுக் குழு இல்லாத அனுபவச் சான்றை வைத்து மருந்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

யோகப் பயிற்சியையும் இவ்வாறே பார்க்க வேண்டும். பெங்களூருவில் 120 பெண்களிடம் எட்டு வாரம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு யோகத்தால் உடல்வெப்பம் குறைந்ததாகக் கூறியது. அமெரிக்காவில் 249 பெண்களிடம் பின்னர் நடந்த ஆய்வில் தூக்கம் மேம்பட்டது, உடல்வெப்பம் குறையவில்லை. அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் ஹார்மோன் அல்லாத வழிகளைச் சீர்தூக்கியது. உடல்வெப்பத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மருத்துவ அறிதுயில், எடைக்குறைப்பு, சில மனச்சோர்வு மருந்துகள், 'ஃபெசோலினெட்டன்ட்' என்ற புதிய மருந்து ஆகியவற்றை ஏற்றது. மூலிகை, சோயா, யோகம், மூச்சுப்பயிற்சி ஆகியவற்றுக்குப் போதிய சான்றில்லை என்றது. ஏற்ற பட்டியலில் உள்ள ஃபெசோலினெட்டன்டுக்கே 2024 டிசம்பரில் கல்லீரல் பாதிப்புக்காகக் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது. நடையும் யோகமும் எலும்புக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லவை. அதற்காகவே அவற்றைச் செய்யலாம். உடல்வெப்பத்தை அவை நிறுத்தவில்லையே என்று பெண் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

<b>நம் கணக்கு வேறு</b>

மேலை நாட்டு எண்களை அப்படியே இறக்குமதி செய்யவும் கூடாது. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் வீதம் அமெரிக்காவைவிட வெகு குறைவு. எனவே அதே 26 சதவீதம் இங்கு இன்னும் சிறிய எண்ணாகலாம். ஆனால், நம்மிடம் நீரிழிவும் ரத்த அழுத்தமும் மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற, 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தமும் உள்ளன. ஹார்மோன் தொடங்கும் முன் இவற்றை அளந்தாக வேண்டும்.

இன்னொன்று, இங்கு பலருக்கு மாதவிடாய் தானாக நிற்பதில்லை, கத்தியால் நிறுத்தப்படுகிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களில் இது இரு மடங்குக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2019-இல் நடந்த கணக்கெடுப்பில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி ஆணையிட்டது. கருப்பையோடு சினைப்பைகளும் நீக்கப்பட்டால் முப்பத்தைந்து வயதிலேயே ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் அற்றுப்போகும். எலும்பும் இதயமும் விரைந்து மூப்படையும். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையேனும், தடை இல்லாவிட்டால், ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதே மருத்துவ நெறி. ஹார்மோன் மிகுதியும் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். அதைப் பற்றி அறியும் வாய்ப்பு மிகக் குறைந்தவர்களும் இவர்களே.

<b>அரசு கேட்க வேண்டிய ஒரு கேள்வி</b>

மருத்துவச் சந்தை ஏன் பிற சந்தைகளைப் போல் இயங்காது என்பதைக் கென்னத் ஆரோ 1963-இல் விளக்கினார்: விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அத்தகைய சந்தையில் நல்ல சரக்கைத் தரமற்ற சரக்கு விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் காட்டினார். மாதவிடாய் நிற்றல் என்ற சந்தையில் அறியாமையோடு கூச்சமும் சேர்கிறது. வெளிப்படையாகக் கேட்கப்படாத கேள்விக்கு விளம்பரமே விடை சொல்கிறது.

அரசும் இங்கு ஒதுங்கியே நிற்கிறது. 2013-இல் மத்திய அரசு வகுத்த நலவாழ்வு உத்தி இனப்பெருக்கம், தாய்மை, பச்சிளங்குழந்தை, குழந்தை, வளரிளம்பருவம் எனப் பெயரிலேயே வரிசையிட்டது. பிள்ளைப்பேறு முடிந்தபின் வரும் முப்பது ஆண்டுகளுக்கு அந்த வரிசையில் எழுத்து இல்லை.

தமிழ்நாட்டிடம் இதற்கான பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று, 45 வயதைக் கடந்தவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கிறார்கள். ஹார்மோன் முடிவுக்கு முதலில் வேண்டிய அளவைகளும், பெண்ணின் வயதும், கேட்க ஒரு பெண்ணும் அங்கேயே இருக்கிறார்கள். 'மாதவிடாய் நின்றுவிட்டதா, தானாகவா அறுவையாலா, இரவில் தூங்க முடிகிறதா?' என்ற கேள்வியைச் சேர்க்கக் கூடுதல் செலவு அதிகம் இல்லை.

அக்கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொல்பவரை அனுப்ப ஓர் இடம் வேண்டும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற மாவட்டத் தலைமையிடங்களில் வாரத்தில் ஒரு பிற்பகல், மகப்பேறு வரிசையில் காத்திருக்க வைக்காமல், இப்பெண்களுக்கென ஒதுக்கலாம். சித்த மருத்துவப் பிரிவையும் அதே மேசைக்கு அழைக்க வேண்டும். எந்த மூலிகையை எந்த மாத்திரையோடு சேர்த்து உண்கிறார் என்று ஒருவருக்கொருவர் தெரியாதிருப்பதே இன்றைய பெரிய ஆபத்து. கருப்பை அகற்றும் அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் சினைப்பைகள் நீக்கப்படுமா, அதன்பின் என்ன ஆகும் என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிய மாநிலம், என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடையில் நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்த நாற்காலியும், குடிநீரும், கழிப்பறையும் உண்மையில் கிடைக்கின்றனவா என்று சோதிக்கலாம்.

ஹார்மோன் எடுப்பதா, எண்ணெய்க் குளியலோடு காத்திருப்பதா என்பதை அரசோ நானோ முடிவுசெய்ய வேண்டியதில்லை. பத்தாயிரத்தில் எட்டு என்ற எண்ணைக் கேட்டபின்னும் ஒரு பெண் வேண்டாம் எனலாம். இரவுத் தூக்கத்தின் மதிப்பை அறிந்த இன்னொருத்தி வேண்டும் எனலாம். இரண்டும் அறிவார்ந்த முடிவுகளே. அந்த எண்ணை அவர்களிடம் யாருமே சொல்லாதிருப்பதுதான் இன்று நாம் திருத்த வேண்டிய குறை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திருச்சிராப்பள்ளி.